வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாழ் இளைப்பாறிய ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்



காலையிற் பத்திரிகையை விரித்ததும், நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு மரண அறிவித்தல்கள் வெளியாகும் பக்கத்தை முதலிற் பார்க்கும் வழக்கம் நம் வயதினரிற் பெரும்பாலாருக்கு உண்டென்பதையும், அதனை வெளியிற் சொல்ல நாம் சற்றே கூசுவோமென்பதையும் உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வறிவித்தல்களின் வாசக அமைப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். காரைநகரையோ வேலணையையோ கரவெட்டியையோ பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைபதம் எய்தினார். அவர் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், கனடாவிலும் லண்டனிலும் வசிக்கும் இன்னின்னாரின் அருமைத் தந்தையுமாவார். பூதவுடல் பொரளை கனத்தையிலே தகனஞ் செய்யப்படும். ஊரில் அவர் வாழ்ந்தது பள்ளிப் பருவம் முடியும் வரையே. வெள்ளவத்தையில் வாழ்ந்ததோ அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டுக்கு அறிவித்தலிற் கிடைப்பது ஒரேயொரு சொல்.

அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து முப்பத்தோராம் நாள் மத்தியான போசனத்தோடு கையிலே தரப்படும் கல்வெட்டையாவது எடுத்துப் பாருங்கள். விநாயகர் துதியும் தேவார திருவாசகங்களும் முறைப்படி அமைந்திருக்கும். பிறந்த ஊரின் வயல் வளமும் கோவிற் சிறப்பும் வெண்பாவிலே பாடப்பட்டிருக்கும். வம்சாவளி பாட்டனுக்குப் பாட்டன்வரை ஒழுங்காக வரையப்பட்டிருக்கும். அவர் எந்த ஒழுங்கையில், யாருடைய வீட்டில், மாதம் எவ்வளவு வாடகைக்குக் குடியிருந்தார், எத்தனை மணிப் புகையிரதத்திற் கந்தோருக்குப் போனார், அந்த ஒழுங்கையில் அப்பொழுது எத்தனை கிணறுகள் இருந்தன என்பன ஓரிடத்திலும் இரா. எனக்குக் கிடைத்த கல்வெட்டுக்களை நான் கவனமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு தீவுப்பகுதிக் கிராமங்கள் பலவற்றின் சரித்திரத்தை ஓரளவுக்கு எழுதிவிடலாம். வெள்ளவத்தையின் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைத்தானும் எழுதவியலாது.

இதற்குக் காரணம் தெரியாததன்று. வெள்ளவத்தை உத்தியோகத்தின் பொருட்டு வந்து தங்கிய இடம், ஊர் வேறெங்கோ இருக்கிறது, இளைப்பாறியதும் யாழ்தேவியேறிப் போய்விடலாம் என்னும் நினைப்பிலேயே நம் முதற் தலைமுறையினர் காலங்கழித்தார்கள். பலர் போகவில்லை, போனவர்களிற் பலரும் பிற்பாடு யுத்தத்தாற் பெயர்ந்து, பிள்ளைகளோடு இங்கேயே திரும்பி வந்தார்கள். இன்று நான்காந் தலைமுறை இங்கே பள்ளிக்கூடம் போகின்றது. அப்பிள்ளைகளிடம் ஊர் எதுவென்று கேட்டால், தாங்கள் ஒருமுறையோ இருமுறையோ திருவிழாவுக்குப் போய்வந்த கிராமமொன்றின் பெயரைச் சொல்லுகிறார்கள்.

கொட்டாஞ்சேனையாரின் நிலை வேறு. அவர்களுட் பலருக்குக் கொட்டாஞ்சேனையே ஊர். கொழும்புச் செட்டிகள், தூத்துக்குடிப் பகுதியினின்றும் வந்த பரதவர், துறைமுகத் தொழிலாளர், செட்டியார் தெருவை ஒட்டி வளர்ந்த வர்த்தகக் குடும்பத்தார், பிற்காலத்தில் மலையகத்திலிருந்து வந்து கடைகளிலே அமர்ந்த இளைஞர் ஆகியோருக்குத் திரும்பிப்போக வடக்கிலோ கிழக்கிலோ வேறொரு வீடு இல்லை. ஆனால் அவர்களும் எழுதவில்லை. எழுதுவதற்குத் தகுந்த பெரிய விஷயம் அங்கே இருப்பதாக எவரும் அவர்களுக்குச் சொல்லாமையே அதற்குக் காரணமென்பது என் அபிப்பிராயம்.

ஆகையால், உங்களைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்விக்க வேண்டுமென்னும் விருப்பத்தினால் இம்மடலை எழுதத் துணிந்தேன். அதனை இன்னதென்று கூறுமுன், நமக்கு வெகுதூரத்திலுள்ள ஒரு குளிர் நாட்டுக் கரையோர மாவட்டத்தின் விருத்தாந்தத்தைச் சற்றுப் பிரஸ்தாபிக்க அநுமதி வேண்டுகிறேன்.

ஸ்கொட்லாந்து நமக்குத் தேயிலையாற் பழக்கமான தேசம். 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரைத் தோட்டத்திற் தேயிலையைப் பயிர்த்தொழிலாகத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர், அத்தேசத்துக் கிழக்குக் கரையிலுள்ள கின்கார்டின் மாவட்டத்தார். நான் சொல்லப்புகும் மாவட்டம் அதற்கும் வடக்கே, பெருநிலத்தின் வடகிழக்கு மூலையிலே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கேத்னஸ். அதில் நகரென்று சொல்லத்தக்கவை இரண்டு: வடகரையிலே தர்சோ, கீழ்க்கரையிலே விக். ஒன்று கல்லால் வாழ்ந்தது. மற்றது மீனால் வாழ்ந்தது. தர்சோவைச் சூழ்ந்த பாறைகளினின்றும் பெயர்த்தெடுத்த தட்டைக் கற்கள் கப்பலேறிப் பல நகரங்களின் நடைபாதைகளிற் படிந்தன. சீமெந்துக் கலவை வந்ததும் அத்தொழில் நலிந்தது. விக் நகரத்தருகே, பிரித்தானிய மீன்பிடிச் சங்கத்தாருக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எந்திரவியலார் தோமஸ் டெல்ஃபர்ட் வரைந்த திட்டப்படி புல்ட்னிடவுன் என்னும் புதுக் குடியிருப்பொன்று எழுந்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஹெரிங் மீன் பிடிப்பில் ஐரோப்பாவின் தலைத்துறையென்று விக் பேர் பெற்றது. பருவகாலத்திற் தீவுகளிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வேறு பாஷை பேசும் ஆடவரும் பெண்டிரும் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து நிறைந்தார்கள். ஆடவர் வலை வீச, பெண்டிர் கரையிலே வரிசையாக நின்று மீனைக் கீறிக் குடலெடுத்து உப்பிட்டு மிடாக்களில் அடுக்கினார்கள். 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு பழத்தைக் குறித்து இரண்டு சிறுவர்களிடையே மூண்ட சண்டை, ஊராருக்கும் வந்தேறிகளுக்குமிடையே பெருங்கலகமாக முற்றி, படையை வரவழைக்க வேண்டியதாயிற்று. சிறுபிள்ளைச் சண்டையைச் சாக்காகக் கொண்டு வெடிக்கும் கலகத்துக்கு மருந்து வெகுகாலத்துக்கு முன்னரே சேர்ந்துவிடுகின்றதென்பது கொழும்பு வாசிகளாகிய நமக்குப் புதிதன்று.

அம்மாவட்டத்தைக் குறித்து இவ்வளவும் நாம் இங்கிருந்தே அறியக் கூடியதாயிருப்பதற்கு, தர்சோ கோட்டையிலே 1754இல் பிறந்த சேர் ஜோன் சின்கிளேயர் என்பவர் தொடங்கிவைத்த ஒரு சம்பிரதாயம் முக்கிய காரணம். அவர் நிலப்பிரபு, பாராளுமன்ற அங்கத்தவர், எதையும் எண்ணிப் பார்த்து எழுதிவைக்கவேண்டுமென்னும் பித்துடையவர். 1790ஆம் ஆண்டில், ஸ்கொட்லாந்து முழுவதிலுமுள்ள திருச்சபைப் பங்குகளின் போதகர்களுக்கு 160க்கு மேற்பட்ட வினாக்களடங்கிய கடிதமொன்றை அனுப்பினார். உம்முடைய பங்கின் எல்லைகள் யாவை, ஜனத்தொகை எவ்வளவு, கூலி என்ன, மீன் என்ன விலை, எத்தனை பேர் பிச்சை எடுக்கிறார்கள், பழைய கற்களும் இடிபாடுகளும் உண்டா, ஜனங்களின் குணம் எத்தகையது என்பன போன்றன அவ்வினாக்கள். போதகர்களுள் ஊக்கமுள்ளவர் உடனே எழுதினர். மற்றவர்கள் நம்மைப் போலவே பிறகு பார்க்கலாமென்று மேசையின் இழுப்பறையிற் போட்டுவிட்டனர். அவர் விடவில்லை. திரும்பத் திரும்ப நினைவூட்டி, அசையாதவர்களின் பங்குகளுக்குத் தம் செலவில் ஆளனுப்பி எழுதுவித்து, 1791 முதல் 1799 வரையில் 21 தொகுதிகளாக அச்சேற்றினார். 900க்கு மேற்பட்ட பங்குகளின் வரலாறு அவற்றுள் அடங்கியிருக்கிறது. சிலர் இரண்டொரு பக்கத்தில் முடித்துக்கொண்டார்கள். சிலர் புத்தகமாகவே எழுதித் தள்ளினார்கள். இதனை ஒட்டி 1834 முதல் 1845 வரையில் இரண்டாம் முறையும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்றாம் முறையும் அந்நாட்டார் இதே காரியத்தைச் செய்தார்கள். 1975இல் கேத்னஸ் தனி மாவட்ட நிருவாகமென்னும் நிலையை இழந்து பெரும் பிராந்தியமொன்றிற் கரைந்துபோயிற்று. எழுத்திலுள்ள கேத்னசை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை.

சின்கிளேயரை நான் தெய்வமாக்கிப் பேசவில்லை. செவியட் இனத்து ஆடுகளை வடநாட்டுக்குக் கொண்டுவந்து பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். அந்த ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டியே பின்னர் அண்டை மாவட்டமான சதர்லந்திலே குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் நிலத்தினின்றும் துரத்தப்பட்டார்கள். போதகர்களோ நிலப்பிரபுக்களின் தயவை வேண்டி வாழ்ந்தவர்கள்; ஆதலால் ஏழைகளைப் பற்றி அவர்கள் எழுதியவற்றைச் சற்று எச்சரிக்கையோடே வாசிக்கவேண்டும். ஆயினும் அந்த ஏழை எவ்வளவு கூலி பெற்றான் என்ற தொகை அங்கே இருக்கின்றது. அதைக் கொண்டு பிற்காலத்தான் ஒருவன் போதகரோடு வழக்காடலாம். எழுதப்படாத இடத்தில் வழக்குக்கும் இடமில்லை.

இது நமக்கு அந்நியமான மரபென்று எவரேனும் சொல்வாராயின் அதனை நான் ஒப்பேன். யாழ்ப்பாண வைபவமாலையை மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதினார். மட்டக்களப்பாருக்கு மட்டக்களப்பு மான்மியம் உண்டு. கொழும்புத் தமிழருக்கு மட்டும் மாலையுமில்லை, மான்மியமுமில்லை. நம் கரையோரத்தவரான சைமன் காசிச்செட்டி, 1807இல் கற்பிட்டியிலே பிறந்து, இருபத்தேழு வயதில், 1834ஆம் ஆண்டு, இலங்கைத் தீவின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஓர் இடவிளக்க நூலை அச்சிட்டார். ஸ்கொட்லாந்தார் தங்கள் இரண்டாவது வரிசையை வெளியிடத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். அங்கே 900 போதகர்கள் சேர்ந்து செய்ததற்கு நிகரான உழைப்பை இங்கே தனியொருவர், புத்தகசாலை வசதியுமின்றி, உத்தியோகத்தோடு உத்தியோகமாகச் செய்தார். தமிழ்ப் புலவர் சரிதங்களைத் தொகுத்து 1859இல் அவர் வெளியிட்ட நூலைப் போற்றுவோர் பலர். இந்த இடவிளக்க நூலைத் திறந்து பார்த்தவர் சிலரே. கொழும்பிலே பிறந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பொறுப்பேற்று நடத்தி எழுதிய அறிக்கையும் வெறும் புள்ளிவிபரக் கோவையன்று. ஒரு தேசத்தை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்த ஒருவரின் வசனம் அது.

இனி நம் கரைக்கு வருவோம். களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம் தொடங்கி, தெகிவளைக் கால்வாய் வரையிலே நீண்டு கிடக்கும் இந்த ஒடுங்கிய நிலத்துண்டின் ஒரு தலையிற் கொட்டாஞ்சேனையும் மறு தலையில் வெள்ளவத்தையும் இருக்கின்றன. ஆடிவேல் உற்சவத்திலே செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலினின்றும் புறப்படும் தேர் பம்பலப்பிட்டியை நோக்கி அசைந்து வரும் வழியே இவ்விரண்டையும் இணைக்கும் வழி.

கொட்டாஞ்சேனையின் பெருமை கேட்க வேண்டுமாயின் அங்கே ஒரு மணி நேரம் நடந்தாற் போதும். அதன் எல்லைக்கருகே ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயம் மேட்டின்மேல் நிற்கின்றது. அங்கிருந்து சிறிது தூரத்திலே புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்கவிகை. கொச்சிக்கடையில் அந்தோனியார் திருத்தலம். அதற்குச் சமீபமாகப் பொன்னம்பல முதலியார் தாபித்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். 1897 ஜனவரி 15ஆந் திகதி மேல்நாட்டினின்றும் திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறையிலே வந்திறங்கியதன் நினைவாக, 1902இல் தொடங்கப்பெற்ற விவேகானந்த சபையும் அவ்வயலிலே இயங்குகின்றது. இவையெல்லாம் ஒன்றின் மணியோசை மற்றதிற் கேட்கத்தக்க தூரத்தில் உள்ளன.

அந்த ஓசைகள் எப்பொழுதும் இசைந்தே ஒலித்தன என்று எழுதுவது பொய்யாகும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்தர்களின் ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கொட்டாஞ்சேனைத் தெருவிலே கலகம் மூண்டது, உயிரும் போயிற்று. தங்கள் முறைப்பாட்டுக்கு நியாயம் கிடைக்கவில்லையென்ற பௌத்தர்களின் மனக்குறையை லண்டன்வரையிற் கொண்டுபோய்ப் பேசியவர் கேணல் ஒல்கொட். அதன் பேறாக வெசாக் தினம் அரசாங்க விடுமுறையாயிற்று. 1885 ஏப்ரல் 28ஆந் திகதி, இன்று உலகெங்கும் பறக்கும் பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டதும் அந்தத் தீபதுத்தாராமத்திலேதான். ஜம்பட்டா வீதிச் சுற்றாடலில் மூன்று தலைமுறையாக வாழும் நம்மவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு, 2019 ஏப்ரல் 21இல், கொச்சிக்கடைத் திருத்தலத்திலே நிகழ்ந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அந்த ஒழுங்கைகளில் வாழ்ந்து, அன்று காலை பூசைக்குப் போய்த் திரும்பியவரும் திரும்பாதவரும் யார் யாரென்பதை அறிந்தவர்களே அதை எழுதவேண்டும்.

துறைமுகத்தைச் சொல்லாமற் கொட்டாஞ்சேனையைச் சொல்லவியலாது. 1875 டிசம்பர் 8ஆந் திகதி இங்கிலாந்து இளவரசர் அலைதாங்கியின் முதற் கல்லை நாட்டினார். சேர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி 1885இல் அது நிறைவெய்தியது. மஹரவிலே சிறைக் கைதிகள் உடைத்த கற்கள் அதிலே கிடக்கின்றன. கொழும்பில் அம்முதற் கல் நாட்டப்படுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1872 டிசம்பரில், விக் நகரத்திலே பேர்பெற்ற ஸ்டீவன்சன் குடும்பத்து எந்திரவியலார் கட்டிய அலைதாங்கியின் தலைப்பகுதியை, 1,350 தொன் நிறையுள்ள ஒரே கட்டியை, வடகடற் புயல் பெயர்த்து எறிந்தது. அத்துறை பின்னரும் சிதைந்து, ஈற்றிற் கைவிடப்பட்டது. கொழும்பில் அலைதாங்கி நின்றது. அது நின்றபடியால் நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன. கப்பல் வந்தபடியால் நிலக்கரி சுமக்கவும் மூடை இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆள் வந்தபடியால் கொட்டாஞ்சேனையின் பின்புறத் தோட்டங்களிலே நெருக்கமான வரிசை வீடுகள் முளைத்தன. அவ்வீடுகளிற் பிறந்தவர்கள் இன்று எழுபது எண்பது வயதினராக நம்மிடையே இருக்கிறார்கள். கூட் துரையின் பேர் புத்தகத்தில் இருக்கின்றது. மூடை சுமந்தவரின் பேர் அவருடைய பேரப்பிள்ளையின் ஞாபகத்தில் மாத்திரமே இருக்கின்றது.

வெள்ளவத்தையின் கதை இவ்வளவு பழமையானதன்று. ஆனால் சிக்கல் மிகுந்தது. தென்னந்தோட்டமும் மீனவர் குடிசைகளுமாயிருந்த கரையோரத்தை ஒட்டிப் புகையிரதப் பாதை தெற்கே நீண்டு 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் எட்டியது. யாழ்ப்பாணப் பாதை 1905இல் முற்றாகத் திறக்கப்பட்டதும், வடக்கிலிருந்து கோட்டைக்கு ஒரு வண்டி, கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு மறுவண்டி என்னும் வசதி பிறந்தது. கந்தோருக்குக் காலந் தவறாமற் போய்வரத்தக்க தூரம், கட்டுபடியான வாடகை, கடற்காற்று, சைவச் சாப்பாடு ஆகிய நான்கும் கூடிய இடமென்று கண்டு, நம் எழுதுவினைஞர் பலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துத் தங்கினர். பின்பு குடும்பத்தை வரவழைத்தனர். பின்பு கடனெடுத்துக் காணி வாங்கினர். 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. இன்று 57ஆவது ஒழுங்கையிலே அதன் கட்டடமும் நூலகமும் இருக்கின்றன. இராமகிருஷ்ண மிஷனும் சைவ மங்கையர் வித்தியாலயமும் இச்சமூகம் காலூன்றியதன் அடையாளங்கள்.

ஆனால் வெள்ளவத்தை உத்தியோகத்தரால் மட்டும் ஆனதன்று. ஹவ்லொக் வீதியருகே வானளாவிய தொடர்மாடிகள் எழுந்திருக்கும் இடத்தில் முன்னர் இருந்தது வெள்ளவத்தை நூல் நூற்கும் நெசவு ஆலை. 1933இல் அங்கே ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தார்கள். அவர்களுள் மலையாளிகளே பெரும்பாலார். பின்னர் சமசமாஜக் கட்சியைத் தொடங்கிய இளைஞர்களுக்கு, முக்கியமாகக் கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு, தொழிற்சங்கப் பயிற்சி கிடைத்தது அந்த வாயிலிலேதான். சந்தைக்கு நாம் நாள்தோறும் நடந்துபோகும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை, வெள்ளவத்தையிலே வாழ்ந்த சிங்கள நாவலாசிரியரின் பேரைத் தாங்கியது. அவருடைய கதைகளில் ஒன்றையேனும் நம்மில் எத்தனை பேர் வாசித்தோமென்று கேட்டால் எனக்கே விடை சொல்ல நாணமாயிருக்கிறது. சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் இல்லாத வெள்ளவத்தையை நாம் எழுதுவோமாயின் அது அரைப் பொய்.

1958, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். 1983 ஜூலையிலே காலி வீதியின் இருமருங்கும் எரிந்ததும், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் நம் ஜனங்கள் அகதிகளாகக் கிடந்ததும், பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனதும் பொதுச் சரித்திரத்தில் இருக்கின்றன. எந்த ஒழுங்கையில் எந்த வீட்டார் யாரை எத்தனை நாள் தங்கள் அறைக்குள் மறைத்துவைத்துச் சோறு போட்டார்கள் என்பது பொதுச் சரித்திரத்தில் இல்லை. அயல் வீட்டுச் சிங்களக் கிழவி வாசலிலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே ஒருவருமில்லையென்று வந்தவர்களை மறித்த கதைகள் நம் திண்ணைப் பேச்சில் உண்டு. பேசியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களைக் கண்டவர்களும் அவ்வாறே. இரண்டையும் ஒரே கையால் எழுதுங்கள்.

என் வேண்டுகோள் இதுவே. நீங்கள் ஒவ்வொருவரும், வேறு எவருக்கும் காத்திராமல், நீங்கள் குடியிருக்கும் அல்லது குடியிருந்த ஒரேயொரு ஒழுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஒழுங்கையில் ஆசை வைக்காதீர்கள். ஒரு கொப்பியை வாங்கி, முதற் பக்கத்தில் அந்த ஒழுங்கையின் படத்தைக் கையாலே வரைந்து, வீட்டிலக்கங்களைக் குறியுங்கள். ஆசிரியர்களுக்கு வினா எழுப்பத் தெரியும். எழுதுவினைஞர்களுக்குக் கோவை பேணத் தெரியும். கையெழுத்தோ இருவருக்கும் நன்றாக இருக்கும். இந்த மூன்றும் ஸ்கொட்லாந்துப் போதகர்களுக்கு இருந்தன. வேறு விசேஷ பாண்டித்தியம் அவர்களுக்கு இருந்ததில்லை.

உறுதிக் கட்டை அவிழுங்கள். பழைய உறுதிகளிலே நொத்தாரிசு எழுதிய எல்லை விபரம், வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் தென்னந்தோட்டம், தெற்கே ஒழுங்கை, மேற்கே புகையிரதப் பாதைக் காணி என்று செல்லும். அந்த இன்னார் யார், தோட்டம் எப்பொழுது துண்டாடப்பட்டது என்று பின்னோக்கி நடந்தால், சிலருடைய காணி தேசிய சுவடிகள் கூடத்திலே இருக்கும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புவரைக்கும் போய்ச் சேரலாம். 1983இல் உறுதி எரிந்துபோனவர்கள் அது எரிந்ததென்பதையே எழுதுங்கள். கொட்டாஞ்சேனையார் தங்கள் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் குருவானவரிடம் அநுமதி கேளுங்கள். பெற்றோரின் தொழிலும் குடியிருந்த தெருவும் அங்கே குறிக்கப்பட்டிருப்பின் அது பெரும் பொக்கிஷம். கும்பாபிஷேக மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் வாழ்த்துச் செய்திகளை விட்டுவிட்டு விளம்பரங்களைப் படியுங்கள். எந்தக் கடை எந்தத் தெருவில் எந்த ஆண்டில் இருந்ததென்பதை அவ்விளம்பரங்களைப் போல் உண்மையாகச் சொல்வது வேறில்லை.

வினாக்களை நான் எழுதித் தரவேண்டியதில்லை. குழாய்நீர் எப்பொழுது வந்தது, கிணறு எப்பொழுது மூடப்பட்டது, எந்த வீட்டில் முதலிலே தொலைபேசி இருந்தது, அயலார் அங்கே போய்ப் பேசியதற்குச் சதம் கொடுத்தார்களா, மீன்காரி என்ன பாஷையிற் கூவினாள், மேல்மாடி எழும்பியபோது எந்த வீட்டின் வெயில் மறைந்தது, முதலில் வெளிநாடு போனவர் யார், அவர் அனுப்பிய முதற் பணம் எதற்குச் செலவாயிற்று என்று நீங்களே நூறு வினாக்களைத் தொடுத்துவிடுவீர்கள். தயவுசெய்து வீட்டு அம்மாமாரையும் கேளுங்கள். நாம் காலையிற் போய் மாலையில் திரும்பியவர்கள். பகல் முழுவதும் அந்த ஒழுங்கையில் நடந்ததைக் கண்டவர்கள் அவர்கள். துணி வெளுப்பவரையும் கடைச் சிப்பந்தியையும் தொடர்மாடிக் காவற்காரரையும் கேளாமல் எழுதப்படும் கொப்பி, சின்கிளேயரின் போதகர்கள் செய்த பிழையையே செய்ததாகும்.

கோவில் தருமகர்த்தாக்களின் வழக்குகளையும், எந்தக் குடும்பம் முந்தி வந்தது என்னும் மூப்புச் சண்டையையும் ஓரமாக வையுங்கள். ஊரிலே நம்மைப் பிரித்த கோடுகள் வெள்ளவத்தைக்கும் ரயிலேறி வந்தன என்பதையும், வீடு வாடகைக்குக் கொடுக்குமுன் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று விசாரித்தோம் என்பதையும் மறைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் வாசித்து முகஞ் சுளித்தாற் சுளிக்கட்டும்.

ஒரு பிரதியோடு நின்றுவிடாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. எழுதி முடித்ததும் ஒளிப்பிரதி எடுத்து ஒன்றைத் தமிழ்ச் சங்க நூலகத்திற் கொடுங்கள். மற்றொன்றை, ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் மின்வடிவிற் பேணிவரும் நூலக நிறுவனத்தாருக்குக் கொடுங்கள். மூலத்தை வீட்டில் வையுங்கள். கனடாவிலிருக்கும் மகனுக்கு அனுப்புவதென்றால் அதையும் செய்யுங்கள், ஆனால் மூலத்தை அனுப்பவேண்டாம்.

வெள்ளவத்தையில் உருத்திரா மாவத்தையையும் ஹம்டன் ஒழுங்கையையும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியையும் போன்சன் வீதியையும் முதலிலே எடுத்துக்கொள்ள முன்வருவோர் இருப்பின் நன்று. இந்நான்கிலும் பழைய வீடுகளை இடித்துத் தொடர்மாடி எழுப்பும் வேலை வேகமாக நடப்பதால் இங்கே தாமதத்துக்கு இடமில்லை. என் பங்குக்கு நான் வெள்ளவத்தைக் கால்வாயோரத்துச் சிறிய ஒழுங்கையொன்றைத் தொடங்கியிருக்கிறேன். பதினொரு வீடுகள், அவற்றுள் நான்கு இப்பொழுது ஒரே கட்டடம். மூன்றாம் வீட்டில் 1960களிலே குடியிருந்த, தபால் திணைக்களத்தில் வேலைபார்த்த சங்கீத அபிமானி ஒருவரின் பேர் எவருக்கும் ஞாபகமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலே வயலின் கேட்கும் என்பது மட்டும் இருவருக்கு ஞாபகமிருக்கிறது. உங்களுள் அவரை அறிந்தவர் இருந்தால் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
உங்களைப் போல் இளைப்பாறிய
வெள்ளவத்தை வாசி ஒருவன்